பழைய ஆர்வியில் நண்பர்களோடு 395 சாலையில்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மூன்று வருடம் ஆனதும் நம் ஆட்களில் ஏதாவது ஒரு கூட்டத்துக்கு இந்த ஆசை வந்துவிடும். நாலைந்து பேர் ஒரே வண்டியில் கிளம்பி, நினைத்த இடத்தில் நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து எழ வேண்டும். இப்படிப் படுக்கை, அடுப்பு, கழிவறையோடு வரும் வண்டிதான் ஆர்வி. புது ஆர்வியை வாடகைக்கு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். உடனே ஒருவர், "இந்தக் காசுக்குப் பழசு ஒண்ணு வாங்கியே போட்டுடலாமேடா" என்பார். அடுத்த மாதம் யார் வீட்டு வாசலிலோ 1990களின் ஃபோர்டு ஒன்று நிற்கும்.

வாங்குவதில் தப்பில்லை. அது வழியில் நிற்காது என்று நம்பிக் கிளம்புவதுதான் தப்பு. இருபத்தைந்து முப்பது வயதான ஆர்வி எங்காவது மக்கர் பண்ணியே தீரும். அப்படிப் பண்ணினாலும் பயணம் கெடாதபடி வண்டி, பாதை, பணம், ஆட்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான். உதாரணத்துக்கு, சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிப் போகும் 395 நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்களின் முதல் பயணத்துக்கு இதைவிடத் தோதான பாதை கிடையாது என்பது என் கட்சி.

எஞ்சினுக்கு முன்னால் கூரை

நம் பட்ஜெட்டுக்குள் வருவது பெரும்பாலும் கிளாஸ் சி எனப்படும் வகைதான். முன்னால் வேன் முகம், டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு படுக்கை, பின்னால் பெட்டி. அடியில் இருப்பது அனேகமாக ஃபோர்டு இ-350. 1996 வரை வந்தவற்றில் 7.5 லிட்டர் வி8 எஞ்சின் இருக்கும், 1997 முதல் 6.8 லிட்டர் வி10. இரண்டுமே நன்றாக உழைக்கும், இரண்டுமே பெட்ரோலைக் குடிக்கும். கேலனுக்கு 8 முதல் 10 மைல் வந்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். நல்ல விஷயம், சின்ன ஊரில்கூட இந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார், பாகங்களும் கிடைக்கும்.

அதனால் எஞ்சின் கவலையை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். முதல் கவலை மழைத் தண்ணீர். ஆர்வியின் பெட்டி என்பது மெல்லிய ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு, அதற்குப் பின்னால் பெரும்பாலும் மரச்சட்டம். கூரையின் இணைப்புகளில் போட்டிருக்கும் ஸீலன்ட் வெயிலில் காய்ந்து வெடித்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமலே மரத்தை மக்க வைத்துவிடும். எஞ்சின் பழுதுக்கு ஒரு விலை சொல்வார்கள். மக்கிப்போன சட்டத்துக்கு யாரும் விலை சொல்ல மாட்டார்கள், பிரிக்கப் பிரிக்கத்தான் தெரியும்.

பார்ப்பது சுலபம். டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கையில் ஏறி, மெத்தையைத் தூக்கிவிட்டு, முன் ஜன்னலின் கீழ் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி அமுங்கினால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். இந்த வகை வண்டிகளில் முதலில் ஒழுகுவது இந்த இடம்தான். பிறகு பின் மூலைகள், கூரை விசிறியைச் சுற்றி, குளியலறைத் தரை என்று அழுத்திக்கொண்டே வாருங்கள். வெளியே வந்து, பக்கச் சுவரில் வெயில் சாய்வாக விழும் பக்கம் நின்று நீளவாக்கில் பாருங்கள். கொப்புளமோ அலையோ தெரிந்தால் தகடு சட்டத்தைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட், ஒரு சுவரில் மட்டும் புது வால்பேப்பர், கதவைத் திறந்ததும் தூக்கலான ரூம் ஸ்பிரே வாசனை, இதெல்லாம் கேள்வி கேட்க வேண்டிய சமாச்சாரங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்க முடிந்தால் ரொம்ப நல்லது.

காகிதங்களில் இரண்டு. கலிஃபோர்னியாவில் 1976 முதல் வந்த பெட்ரோல் வண்டியை விற்பவர்தான் புகைச் சோதனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். "நீங்களே எடுத்துக்கங்க, விலையில குறைச்சுக்கிறேன்" என்றால் மரியாதையாகக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். காப்பீட்டில் ஓட்டப்போகும் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கு வேறு வேலை இல்லை. இந்த மாநிலத்தில் சாதாரண கார் உரிமத்தை வைத்தே 40 அடி வரையுள்ள ஆர்வியை ஓட்டலாம், கிளாஸ் சி அதற்குள் அடங்கிவிடும்.

டயரில் தேதி இருக்கும், படியுங்கள்

வண்டி வருடத்தில் பாதி நாள் சும்மா நின்றிருக்கும். அதனால் டயரின் பட்டன் புதுசு மாதிரியே இருக்கும், விற்பவரும் அதைத்தான் காட்டுவார். ரப்பருக்கு எதிரி ஓட்டம் மட்டும் இல்லை, வெயிலும் வயதும்தான். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர், அதில் வீடு வரைக்கும்கூட ஓட்டிவராதீர்கள். சில டயரில் முழு வரிசை உள்பக்கமாக இருக்கும். போன் டார்ச்சோடு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும். படியுங்கள். ஆறேழு வருடம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

மொத்தம் ஆறு டயர். பின்னால் பக்கத்துக்கு இரண்டு இரண்டாக ஜோடி. உள் டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றுமே தெரியாது. ஜோடியில் இருக்கும் மற்றது முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறி அதுவும் போகும். பின் டயர் வெடித்தால் ரப்பர்த் துண்டுகள் சும்மா பறந்து போகாது. மேலே இருக்கும் தரையைக் கிழிக்கும், வயரை அறுக்கும், கழிவுக் குழாயை உடைக்கும். ஆகவே உள் டயர் வால்வுக்கு எட்டும் நீளக் கழுத்துள்ள காற்று அளவி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஆறையும் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். கார் கணக்கு இதற்கு ஆகாது. ஆறு டயரின் விலையை வண்டி விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது

முதலில், எல்லாக் கடையிலும் இந்த வண்டியைத் தூக்கும் மேடை இருக்காது. லாரி, டெலிவரி வேன் பார்க்கும் கடையாகப் பார்த்து, நீளமும் எடையும் சொல்லிவிட்டுப் போங்கள். "ரொம்ப நாள் நின்ன வண்டி, ரப்பர் எல்லாத்தையும் பாருங்க" என்பதுதான் சொல்ல வேண்டியது. ரேடியேட்டர் ஹோஸ்கள், பெல்ட், பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய், பிரேக் ஹோஸ். பெட்ரோல் குழாய் வெடித்துச் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஆயிலைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். அது நாளாக ஆகக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில் இரண்டும் புதுசாக இருக்கட்டும். கழற்றின பழைய பெல்ட் கிழியாமல் இருந்தால் கேட்டு வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள், அவசரத்துக்கு ஆகும்.

கடையிலிருந்து வந்ததும் நேரே பெரிய பயணம் கிளம்பிவிடாதீர்கள். வீட்டிலிருந்து 40, 50 மைலுக்குள் ஆர்வியை நிறுத்தித் தங்கும் ஏதாவது ஒரு முகாமில் ஒரு ராத்திரி. எல்லாரும் வர வேண்டும், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்: ஏசி, ஹீட்டர், ஜெனரேட்டர், வெந்நீர், ஃபிரிட்ஜ், கழிவறை. முதல் ராத்திரியில் வர வேண்டிய பிரச்சினையெல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போகட்டும்.

உயிரோடு விளையாடாத நாலு வேலை

இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம், புரொப்பேன் (அடுப்புக்கான எரிவாயு) அலாரம், புகை அலாரம் மூன்றுக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி இருக்கும். பழைய வண்டியில் இருப்பவை அனேகமாகக் காலாவதி ஆனவை. பொத்தானை அழுத்தினால் கத்தும், நச்சு வாயு வந்தால் சும்மா இருக்கும். புதுசு வாங்கி மாட்டுங்கள். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது.

புரொப்பேன் குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி நுரை வருகிறதா பாருங்கள். நம் வீட்டு சிலிண்டருக்குச் செய்வதுதான். ஃபிரிட்ஜ் புரொப்பேனில் ஓடினால் உள்ளே ஒரு சுடர் எரிந்துகொண்டே இருக்கும், அதோடு பெட்ரோல் பங்க்குக்குள் நுழையக் கூடாது. ஓட்டும்போது தொட்டி வால்வை மூடிவிடுவதே என் பழக்கம். நல்ல ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் நாலைந்து மணி நேரம் தாங்கும்.

படுக்கை எட்டுப் பேருக்கு இருக்கும், சீட் பெல்ட் எட்டு இருக்காது. எத்தனை பெல்ட்டோ அத்தனை பேர்தான் பயணம். ஓடும்போது எழுந்து போய் டீ போடுவது, மேல் படுக்கையில் படுத்துக்கொண்டு வருவது எல்லாம் வேண்டாம்.

அவசர வழி ஜன்னல் என்று ஒன்று பின்னால் இருக்கும், சிவப்புக் கைப்பிடியோடு. அதைத் திறந்து பாருங்கள். பல வருடம் திறக்காமல் ரப்பர் ஒட்டிப்போயிருக்கும். வாசல் பக்கமும் படுக்கைப் பக்கமும் ஒவ்வொரு தீயணைப்பான் இருக்கட்டும். இந்த வண்டிகள் பற்றிக்கொண்டால் மளமளவென்று எரியும், சாமான் எடுக்க நேரம் இருக்காது.

பணத்தைப் பேசிவிட்டு வண்டியில் ஏறுங்கள்

பழைய ஆர்வி எஞ்சினைவிட அதிகமாக முறித்தது நட்பைத்தான். வண்டி ஒருவர் பெயரில் இருக்கும், ரிப்பேர் வரும்போது மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து மூன்று விஷயம் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதியும் போடுங்கள்.

ஒன்று, பொதுப் பணம். ஆளுக்கு இவ்வளவு என்று முன்னாலேயே வசூல் செய்து பெட்ரோல், முகாம், சாப்பாடு மூன்றும் அதிலிருந்தே போக வேண்டும். இரண்டு, ரிப்பேர் யார் தலையில். தேய்மானத்தால் போனது உரிமையாளருடையது, பயணத்தில் வந்த டோ செலவு (நின்ற வண்டியை இழுத்துப்போக ஆகும் செலவு) எல்லாருடையது, கிளையில் இடித்து ஏசி மூடியை உடைத்தால் உடைத்தவருடையது என்று ஏதாவது ஒரு கணக்கு. எது என்பது முக்கியம் இல்லை, முன்னாலேயே இருப்பது முக்கியம். மூன்று, எல்லைத் தொகை. ரிப்பேர் இந்தத் தொகையைத் தாண்டினால் வண்டியை அங்கேயே கடையில் விட்டுவிட்டு கார் வாடகைக்கு எடுத்துத் திரும்புவோம் என்று ஒரு எண். அந்த எண் இல்லாவிட்டால், மெக்கானிக் கடை வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, பசியோடு, ஐந்து பேர் ஐந்து பக்கம் இழுப்பீர்கள்.

வேலைப் பங்கீடும் அப்போதே. ஓட்டுகிறவர் இரண்டு பேர் போதும், எல்லாரும் ஓட்ட ஆசைப்பட வேண்டாம். ஒருவர் வழி பார்ப்பார். கழிவுத் தொட்டி காலி செய்வது மட்டும் முறை வைத்துச் சுற்ற வேண்டும், வண்டி உரிமையாளர் உட்பட. ஒரு பயலும் "எனக்குக் குமட்டும்டா" என்று தப்பிக்கக் கூடாது.

பாதை: ஏன் 395

பழைய வண்டிக்கு அழகான பாதை வேண்டும் என்பதைவிட, அடிக்கடி ஊர் வரும் பாதை வேண்டும். 395இல் லோன் பைன், இண்டிபெண்டன்ஸ், பிக் பைன், பிஷப் என்று 60 மைலுக்குள் நாலு ஊர். நடுவில் நின்றாலும் டோ டிரக் வெகுதூரம் இழுக்க வேண்டியதில்லை. பிஷப்பில் மெக்கானிக், டயர்க் கடை, உதிரி பாகக் கடை, பெரிய மளிகைக் கடை எல்லாம் இருக்கின்றன. இந்தப் பகுதியைச் சாலை பெரும்பாலும் சமவெளியாகவே கடந்துவிடும். அப்படி ஓட்டிக்கொண்டே, இடது பக்கம் 14,505 அடி விட்னி சிகரத்தைப் பார்க்கலாம். கையும் முகமும் கழுவ ஒரு நிறுத்தம் வேண்டுமென்றால் லோன் பைனுக்கு வடக்கே மான்சனார் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்திருந்த முகாம், இப்போது நினைவிடம். அதற்கு அரைமணி ஒதுக்கினால் போதாது, ஒன்றரை மணியாவது கொடுங்கள்.

முதல் நாள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மொஹாவி வழியாக லோன் பைன், 200 மைலுக்குச் சற்று மேல். அதுதான் நாள் அதிகபட்சம், மற்ற நாளெல்லாம் அதைவிடக் குறைவு. இரண்டாம் நாள் பிஷப் வரை மட்டும். மூன்றாம் நாள் அங்கேயே சும்மா இருங்கள். வண்டி நன்றாக இருந்தால் அது ஓய்வு நாள், இல்லாவிட்டால் ரிப்பேர் நாள். இந்தச் சும்மா நாளை வெட்டிவிட்டு இன்னொரு இடம் சேர்க்க யாராவது ஆசைப்படுவார், விடாதீர்கள். நாலாம் நாள் வண்டி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால்தான் ஷெர்வின் ஏற்றத்தில் ஏறி மம்மத் லேக்ஸ், அப்புறம் லீ வைனிங், மோனோ ஏரி. திரும்புவது வந்த வழியே. புது வழி பார்க்கும் ஆசை வேண்டாம், வந்த வழியில் எந்த ஊரில் யார் கடை என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இரண்டு ஆசையை அடக்க வேண்டும். லோன் பைன் பக்கம் வந்ததும் "டெத் வேலி பக்கத்துலதானே" என்பார் ஒருவர். பக்கம்தான், ஆனால் நடுவில் கிட்டத்தட்ட 5,000 அடி டவுன் கணவாய், அப்புறம் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கும் சாலை, கோடையில் கேட்கவே வேண்டாம். இன்னொருவர் லீ வைனிங்கில் டையோகா கணவாய் ஏறி யோசமிட்டிக்குள் போகலாம் என்பார். அது 9,943 அடி, பனிக்காலத்தில் மூடியே கிடக்கும், திறந்திருக்கும்போதும் அந்த ஏற்றம் முதல் பயணத்துக்கு உரியது இல்லை.

கிளம்ப நல்ல காலம் மே கடைசி, ஜூன் முதல் பாதி, இல்லாவிட்டால் செப்டம்பர், அக்டோபர். அரசு முகாம்களில் பலவற்றை ஆறு மாதம் முன்பே பிடித்துவிடுவார்கள். தனியார் முகாம்களில் வேறு ஒரு சங்கடம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை உள்ளே விடாத இடங்கள் உண்டு. போன் செய்து வண்டி வருடத்தைச் சொல்லி, நல்ல வெயிலில் எடுத்த ஒரு படம் அனுப்புங்கள். சுத்தமாக இருந்தால் பல இடத்தில் சரி என்பார்கள்.

கரண்ட், தண்ணீர், அடுப்பு

முகாமில் 30 ஆம்பியர் இணைப்புக் கிடைத்தால் மொத்தம் 3,600 வாட். ஏசி ஒன்றே 13 ஆம்பியர் அளவு இழுக்கும், கெட்டில் 12, மைக்ரோவேவ் 12. ஏசி ஓடும்போது கெட்டில் போடலாம், மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் டிரிப் ஆகும். இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வரும் நண்பருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் இல்லை. அதில் கம்ப்ரசர் கிடையாது, சூட்டினால் ஓடுவது. வண்டி சாய்ந்து நின்றால் குளிராது, நாள்கணக்கில் சாய்வாக ஓட்டினால் கெட்டும் போகும். ஒரு சின்ன ரசமட்டத்தை மேடைமேல் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து நேராக்குங்கள். குளிர முழு நாள் பிடிக்கும், ஆகவே முந்தின நாளே போட்டுவிட்டு, வீட்டிலேயே குளிரவைத்த மாவையும் தயிரையும் உள்ளே வையுங்கள்.

நல்ல தண்ணீர்த் தொட்டியைக் கிளம்பும் முன் பிளீச் போட்டுக் கழுவ வேண்டும். 15 கேலனுக்குக் கால் கப், நிரப்பிச் சில மணி நேரம் விட்டு, வாசனை போகும் வரை அலசுங்கள். குடிக்க மட்டும் தனி கேன் இருக்கட்டும். வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 6 கேலன்தான். நனைத்து, நிறுத்தி, சோப்புப் போட்டு, அலசி வெளியே வர வேண்டும். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் அதன் மின்சார ஹீட்டரைப் போட்டால் காயில் எரிந்துவிடும்.

சமையலுக்கு ஒன்றே ஒன்று: பிரஷர் குக்கரை மறக்காதீர்கள். மம்மத் பக்கம் கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, சோறும் நடுவில் அரிசியாக நிற்கும்.

ஓட்டும்போது

வண்டியின் உயரத்தை, ஏசி மூடியையும் சேர்த்து, நீங்களே டேப் வைத்து அளந்து டேஷ்போர்டில் ஒட்டுங்கள். 10 அடிக்கும் 11 அடிக்கும் இடையில் ஏதாவது வரும். டிரைவ்த்ரூ, பார்க்கிங் கட்டடம், மரக்கிளை எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் பதில். வட கரோலினாவில் டர்ஹாம் ஊரில் ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் இருந்து எத்தனையோ வண்டிகளின் கூரையைச் சீவியிருக்கிறது. 2019இல் 8 அங்குலம் தூக்கிவிட்டார்கள், இன்னும் சீவிக்கொண்டுதான் இருக்கிறது. சீவப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் வண்டி உயரம் தெரிந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

பின் சக்கரத்துக்குப் பின்னால் நிறைய உடம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் வலது பக்கம் திரும்பினால் வால் இடது பக்கம் வீசும். பங்க்கில் தூணை இடிப்பது இதனால்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் கீழே இறங்கி, கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். இரண்டு பேர் இறங்கி இரண்டு விதமாகக் கை காட்டினால் இடிப்பது நிச்சயம்.

ஏற்றத்தில் வெப்பமானி முள்ளின்மேல் ஒரு கண். வழக்கமான இடத்தைவிட்டு ஏறத் தொடங்கினால் ஏசியை அணையுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இன்னும் ஏறினால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உங்கள் காலுக்கு வரும், வெந்து சாக வேண்டியதுதான், எஞ்சின் பிழைக்கும். அதுவும் போதாவிட்டால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் தொடவே கூடாது, ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். இந்த வண்டிகளில் எஞ்சினின் பாதி இரண்டு முன் இருக்கைக்கும் நடுவில் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். கூலன்ட் கசிந்தால் முதலில் இனிப்பு வாசனையாகத்தான் தெரியும், மூக்கை நம்புங்கள்.

இறக்கம் இன்னும் முக்கியம். மம்மத்திலிருந்து பிஷப்புக்குத் திரும்பும்போது ஷெர்வின் இறக்கம் மைல்கணக்கில் நீளும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியர் குச்சியில் இருக்கும் ஓவர்டிரைவ் (கடைசி மேல் கியர்) பொத்தானை அணைத்து, தேவைப்பட்டால் இன்னும் ஒரு கியர் கீழே வாருங்கள். எஞ்சின் கத்தும், கத்தட்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை முழுசாக எடுக்க வேண்டும். கருகல் வாசனை வந்தால் அடுத்த ஒதுங்கிடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

395இல் லோன் பைன், பிஷப் எல்லாம் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு, காற்றுக்கும் பேர் பெற்றது. உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கைப் பலகை எரிந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். இருட்டின பிறகும் ஓட்டாதீர்கள். பழைய ஹெட்லைட் வெளிச்சமும் மான்களும் ஒத்துப்போகாது.

கழிவுத் தொட்டி

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், உண்மையில் பத்து நிமிட வேலை. இரண்டு தொட்டி: கழிவறையிலிருந்து வருவது பிளாக், சமையல் மேடையிலும் குளியலிலும் இருந்து வருவது கிரே. முகாமில் குழாய் இணைத்திருந்தாலும் பிளாக் வால்வை மூடியே வையுங்கள். திறந்துவிட்டால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது உள்ளேயே குவிந்து இறுகிவிடும், அதை எடுக்கப் பிறகு ஆள் தேட வேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும், கழிவைக் கொட்டுவதற்கான டம்ப் ஸ்டேஷனில் நிறுத்தி, கையுறை போட்டு, ஹோஸை வண்டியில் திருகி மாட்டி, மறுமுனையைத் துளைக்குள் விட்டு, அது துள்ளாமல் காலாலோ கல்லாலோ அழுத்திக்கொள்ளுங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் கடைசியில் வந்து ஹோஸை அலசிக்கொடுக்கும். அங்கே இருக்கும் கழுவும் குழாயும் குடிநீர்க் குழாயும் வேறு வேறு, பலகையைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

இந்த விஷயத்தில் நம் பழக்கம் கைகொடுக்கும். பழைய தொட்டிகள் அடைபடுவது பெரும்பாலும் காகிதத்தால். ஒரு மக் வைத்துத் தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, தொட்டி மட்டும் சீக்கிரம் நிரம்பும்.

நின்றுவிட்டால்

ஓரமாக, முடிந்தால் வெள்ளைக் கோட்டைத் தாண்டி வலது பக்கம் நன்றாக ஒதுக்கி நிறுத்துங்கள். முக்கோணப் பலகை மூன்றைப் பின்னால் தூரம் தூரமாக வையுங்கள். எல்லாரும் வண்டியைவிட்டு இறங்கி சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும், உள்ளே உட்கார்ந்து சீட்டாடக் கூடாது.

ஸ்டார்ட் ஆகவில்லை, டிக் டிக் என்கிறது என்றால் பெரும்பாலும் பேட்டரி. பல ஆர்வியில் டேஷ்போர்டில் ஒரு அவசர ஸ்டார்ட் பொத்தான் இருக்கும். அது வீட்டுப் பகுதி பேட்டரியை (பின்பெட்டியின் விளக்கு முதலியவற்றுக்கானது) எஞ்சின் பேட்டரியோடு சேர்த்துக் கொடுக்கும், அழுத்திக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். அதுவும் இல்லாவிட்டால் பேட்டரி முனையில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி இறுக்குங்கள். ஜெனரேட்டர் திடீரென நின்றால் முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். தொட்டி கால்வாசிக்கு வந்ததும் அது இழுக்காதபடி வைத்திருப்பார்கள், நீங்கள் வீடு திரும்ப மிச்சம் இருக்கட்டும் என்று. அது பழுது இல்லை.

சாமான் பெட்டியில் இருக்க வேண்டியவை: ஃபியூஸ்கள், மல்டிமீட்டர், ஹோஸ் கிளாம்ப், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப், கூரைக்கு ஒட்டும் டேப், எஞ்சின் ஆயில், கூலன்ட், நாலு கேலன் சாதாரணத் தண்ணீர், ஜம்ப்பர் வயர், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, தலையில் கட்டும் டார்ச். 1996க்குப் பிந்தைய வண்டியானால் எஞ்சின் கோளாறு எண் படிக்கும் சின்னக் கருவி ஒன்று. அந்த எண்ணை போனில் சொன்னாலே மெக்கானிக் பாதி கதையைப் புரிந்துகொள்வார்.

டோ வசதிக்கு ஒன்று கவனியுங்கள். கார் வைத்திருப்பவர்களிடம் இருக்கும் சாதாரண சாலை உதவித் திட்டம் பெரும்பாலும் ஆர்வியை இழுக்காது. ஆர்விக்கான மேல் திட்டம் தனியாக எடுக்க வேண்டும், கிளம்பும் முன்பே, எத்தனை மைல் இழுப்பார்கள் என்று கேட்டு. நடுவில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, ஆகவே வரைபடம், எண்கள் எல்லாம் போனுக்குள் இறக்கி வையுங்கள், ஒரு காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

திரும்பி வந்ததும்

அலுப்பில் சாவியைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இரண்டு கழிவுத் தொட்டிகளையும் காலி செய்து அலசி, ஃபிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்து வைத்து, ஒரு அரிசிமணி இல்லாமல் பெருக்கி எடுங்கள். எலி வந்தால் வயரைத்தான் முதலில் கடிக்கும். வீட்டுப் பகுதி பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஜெனரேட்டரை மாதம் ஒருமுறையாவது ஏசியைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் கெட்டிப்பட்டு கார்பரேட்டர் அடைத்துக்கொள்ளும். வழியில் கேட்ட சத்தம், அடித்த வாசனை, ஒழுகின இடம் எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள், மெக்கானிக்குக் கொடுக்க. பொதுப் பணக் கணக்கையும் அன்றைக்கே முடித்து, மிச்சம் இருந்தால் பிரித்துக் கொடுக்காமல் அடுத்த டயருக்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள்.